முடிவை எடுத்துவிட்டு எங்களைக் கூப்பிடாதீர்கள்

கம்பெனிகளுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் கூட்டங்கள், பயிலரங்குகள் நடத்திக் கொடுப்பது என் தொழில். ஃபெசிலிட்டேட்டர் என்பார்கள். போன மாதம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் நேரத்தை மாற்றுவது பற்றி இரண்டு நாள் பயிலரங்கு. தொழிலாளர்களும் சூப்பர்வைசர்களும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார்கள். முதல் நாள் டீ இடைவேளையில் மூத்த தொழிலாளி ஒருவர் ஃபோனை நீட்டினார். புது ஷிஃப்ட் நேரங்கள் போட்ட சுற்றறிக்கை. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அமல் என்று கீழே கையெழுத்தே ஆகியிருக்கிறது. "அப்புறம் எதுக்கு சார் எங்ககிட்ட இந்தக் கலர் அட்டையெல்லாம் கொடுத்து எழுதச் சொல்றீங்க?" என்று கேட்டார்.

கூட்டத்தை நிறுத்திவிட்டு மேலாளரைத் தனியாகப் பார்த்தேன். "முடிவு எடுத்தாச்சு. ஆனா அவங்களே எடுத்த மாதிரி இருக்கணும், அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டோம்" என்றார். இதே பதிலைப் பல இடங்களில் கேட்டுச் சலித்துவிட்டேன்.

என்ன முடிவு வர வேண்டும் என்பதில் ஃபெசிலிட்டேட்டருக்குப் பங்கே கிடையாது. யார் எப்போது பேசுவது, பேசியது எங்கே எழுதப்படும், எதை வைத்து முடிவெடுப்பது, இவைதான் எங்கள் பொறுப்பு. ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிற ஆள் என்று தெரிந்த நிமிடமே எங்களுக்கு அங்கே வேலை இல்லை. பத்திரிகை அடித்துக் கொடுத்துவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்பது போன்றது இது. அவள் தலையை ஆட்டினாலும் அது சம்மதம் ஆகாது. 1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க அம்மையார் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். பங்கேற்பு என்ற பெயரில் ஆட்களை வளைத்துப் போடுவதை அதன் அடிப்படியில் வைத்து, இது பங்கேற்பே இல்லை என்றும் எழுதினார். இன்றைக்கும் அதைத்தான் செய்து தரச் சொல்லி எங்களிடம் கேட்கிறார்கள்.

ஆட்களுக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்காதீர்கள். தீர்மானத்தை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் நோட்டை நீட்டுகிற கூட்டங்களை நம் ஊர்க்காரர்கள் நிறையப் பார்த்தவர்கள். ஒருமுறை ஏமாந்தவர்கள் அடுத்த கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார்கள். அங்கே பாதுகாப்புக் குறைபாட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கலாம். அப்போதும் பேச மாட்டார்கள்.

முடிவு எடுத்தாகிவிட்டதா? சரி, அதைச் சபையில் நேராகச் சொல்லிவிடுங்கள். கோபம் வரும், வரட்டும். அதற்குப் பிறகும் பேச நிறைய இருக்கிறது. அந்தத் தொழிற்சாலையிலும் இரண்டாம் நாள் அப்படித்தான் தொடங்கினோம். ஷிஃப்ட் மாறுவது உறுதி, அதை எப்படி மாற்றுவது என்பதை மட்டும் பேசலாம் என்று மேலாளரே எழுந்து சொன்னார். முதல் நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருந்த பேக்கிங் பிரிவுப் பெண்கள் அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். மாலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் கடைசி ஊருக்குப் போக நடுநிசி ஆகிவிடும், மெயின் ரோட்டில் இறங்கி விளக்கில்லாத பாதையில் நடக்க வேண்டும் என்று நாலைந்து அட்டைகளில் இருந்தது. மேலாளர் அந்த அட்டைகளை எடுத்து இரண்டு முறை படித்தார். பஸ் ஊருக்குள்ளேயே போய் இறக்கிவிடும் என்பது அங்கேயே முடிவானது.

இப்படி அட்டையில் எழுதி வாங்குகிற முறை என் கண்டுபிடிப்பு இல்லை. முதலில் எல்லாரும் பேசாமல் எழுதுவது, பிறகு ஆளுக்கு ஒன்றாக வாசிப்பது, கடைசியில் வாக்களிப்பது என்ற முறையை டெல்பெக், வான் டி வென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1971லேயே எழுதி வைத்துவிட்டார்கள். அதற்கு முன்பே, 1958இல், யேல் பல்கலைக்கழகச் சோதனை ஒன்றில் நான்கு பேர் கூடிப் பேசியதைவிட நான்கு பேர் தனித்தனியாக யோசித்ததில்தான் அதிக யோசனைகள் வந்தன. இருந்தும் "எல்லாரும் மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்று மைக்கை நீட்டுவதுதான் பயிலரங்கு என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் எங்களைக் கூப்பிடும்போது, எது முடிவாகிவிட்டது, எது இன்னும் திறந்திருக்கிறது என்பதை எழுத்தில் கொடுங்கள். பதவியில் பெரியவர் முதலில் பேச வேண்டாம், கடைசியில் பேசட்டும். அவர் வாய் திறந்த பிறகு மற்றவர்கள் சொல்வதெல்லாம் அவர் சொன்னதாகத்தான் இருக்கும். மேடையும் வரிசை நாற்காலியும் போட்டுவிட்டுக் கலந்துரையாடல் என்று பேனர் கட்டாதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் வராமலிருக்க இரண்டு விளையாட்டு நடத்தச் சொல்லாதீர்கள், அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று, இதை வேண்டுகோளாகவே கேட்கிறேன். கூட்டம் முடிந்ததும் சுவரில் ஒட்டிய சார்ட்டுகளைச் சுருட்டி ஸ்டோர் ரூமில் போட்டுவிடாதீர்கள். அவர்கள் சொன்னதில் எதை ஏற்றுக்கொண்டீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று ஒரே ஒரு பக்கம் தமிழில் டைப் அடித்து, அந்த வாரத்துக்குள் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.