கொட்டிய மண்ணை ஏன் திரும்ப அள்ளுகிறார்கள்?

மீஞ்சூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “எங்க ஊர்கிட்ட ரோட்டுக்காக ரெண்டு ஆள் உயரத்துக்கு மண்ணு கொட்டினாங்க. அப்புறம் மாசக்கணக்குல ஒரு வேலையும் நடக்கல. இப்ப வந்து மேல இருக்கிற மண்ணை அள்ளி டிப்பர்ல ஏத்திட்டுப் போறாங்க. கொட்டுறதுக்கு ஒரு பில்லு, அள்ளுறதுக்கு ஒரு பில்லா?”

கோபம் நியாயம்தான். ரோடு வேலை என்றால் வடசென்னைக்காரர்களுக்கு முதலில் வந்து சேருவது தூசியும் கன்டெய்னர் லாரி வரிசையும். ஆனால் அள்ளிப்போன அந்த மண் சாலையின் பகுதியாக இருக்க வேண்டும் என்று கொட்டியதாக இருக்காது. கீழே இருக்கும் களிமண்ணை அமுக்குவதற்காகக் கொட்டிய பாரம் அது. அமுக்கி முடித்ததும் அடுத்த துண்டுச் சாலைக்குப் பாரமாகப் போகும்.

பெரிய சாலைகள் எல்லாமே துண்டு துண்டாகத்தான் வளர்கின்றன. ஹொஸ்கோட்டேயிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை வரும் 262 கிலோமீட்டர் பெங்களூரு–சென்னை விரைவுச்சாலைக்கு 2022 மே மாதம் சென்னையில் அடிக்கல் நாட்டினார்கள். முதலில் திறந்தது கர்நாடகப் பகுதி. எண்ணூர் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரம் வரை ஏறக்குறைய 133 கிலோமீட்டர் போகும் சென்னை எல்லைச் சாலையும் ஐந்து பகுதிகளாகப் பிரித்த வேலை. நிலம் எடுப்பது, கோர்ட் வழக்கு, டெண்டர் என்று தாமதத்துக்கு உலகறிந்த காரணங்கள் ஏராளம். அவற்றை விடுவோம். பணம் கொடுத்தோ மந்திரி அதட்டியோ தீர்க்க முடியாத ஒரு தாமதம் இருக்கிறது: களிமண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியே வர எடுத்துக்கொள்ளும் நேரம்.

எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி வட்டாரத்தில் தரை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் வெயிலில் காய்ந்த பொருக்கு. அதன் கீழே பல இடங்களில் ஆறும் உப்பங்கழியும் கடலுமாகச் சேர்ந்து படியவிட்ட மெத்தென்ற களி. களிமண் துகள் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கைவிடச் சிறியது. துகள்களுக்கு இடையில் நிறையத் தண்ணீர். இடுக்குகளோ மிக மிகக் குறுகல்.

இதன்மேல் 2 மீட்டர் உயரத்துக்குச் சவுடு மண்ணைக் கொட்டினால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 4 டன் எடை உட்காரும். முதல் நாள் அந்த 4 டன்னைத் தாங்குவது களிமண் துகள்கள் அல்ல, தண்ணீர்தான். தண்ணீரை அமுக்க முடியாது, அவசரத்துக்கு வெளியேறவும் வழியில்லை. அதனால் தண்ணீரின் அழுத்தம் சட்டென்று ஏறி மொத்த எடையையும் ஏற்றுக்கொள்கிறது. மண்துகள்களுக்கு மேலே ஒன்று வந்திருப்பதே இன்னும் தெரியாது! அப்புறம் தண்ணீர் கசியக் கசிய, சுமை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரிடமிருந்து துகள்களிடம் கைமாறுகிறது. துகள்கள் நெருங்குகின்றன, தரை இறங்குகிறது, மண் கெட்டியாகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தக் கைமாற்றத்தைத் தரைக்குள் புதைத்த அழுத்தமானியில் பார்க்கலாம். மண் கொட்டிய அன்று முள் ஏறும். பிறகு மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். பொறியியலில் எனக்கு இதைவிடப் பிடித்த காட்சி கிடையாது.

இதைக் கணக்காக்கியவர் கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர். இஸ்தான்புல்லில் பாடம் நடத்திக்கொண்டே, கைக்குக் கிடைத்த சாமான்களை வைத்துக் களிமண்ணைப் பிழிந்து பார்த்தவர்; 1925-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில்தான் மண் இயக்கவியல் தனித்துறையாக எழுந்து நின்றது. (கையில் கிடைத்ததை வைத்தே அவர் சாதித்தார் என்பதை ஆய்வுக்கூடத்துக்குப் பணம் தராமலிருக்கச் சாக்காக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.) இரும்புத் துண்டு வழியே வெப்பம் பரவுவதற்கான சமன்பாடுதான் களிமண் வழியே அழுத்தம் தணிவதற்கும் பொருந்துகிறது. அதன் விளைவு கொடூரமானது: தண்ணீர் போகவேண்டிய தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு.

ஒரு கணக்குப் போடுவோம். களி 10 மீட்டர் தடிமன், தண்ணீர் மேல்பக்கம் மட்டும்தான் வெளியேற முடியும், மண் இவ்வகைக் களிக்குச் சாதாரணமான தன்மை கொண்டது என்று வைத்தால், இறங்க வேண்டியதில் 90 சதவீதம் இறங்க ஏறக்குறைய 85 ஆண்டு ஆகும். நம் பேரன் காலத்தில்தான் தார் போட முடியும்.

தூரம்தான் எதிரி என்றால் தூரத்தைக் குறைத்துவிட வேண்டியதுதானே? நான்கு விரல் அகலம், சில மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் வடிகால் பட்டைகளை, வடிதுணி சுற்றி, நெட்டுக்குத்தாகக் களியின் அடிவரை இறக்குகிறார்கள். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டருக்கு ஒன்று. கோயில் திருவிழாவில் ஒரே வாசலை நம்பி நிற்கும் கூட்டத்துக்குச் சுற்றுச்சுவரெல்லாம் வாசல் வைத்துவிட்ட மாதிரி. இப்போது எந்தத் துளித் தண்ணீரும் ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு மேல் நகர வேண்டியதில்லை. பட்டையைத் தொட்டுவிட்டால் மேலேறி, களிக்கு மேல் பரப்பிய மணல் விரிப்பு வழியே ஓடிவிடும். அந்த 85 ஆண்டு சுமார் ஓர் ஆண்டாகச் சுருங்கிவிடுகிறது. 1940-களில் சுவீடன் பொறியாளர் வால்டர் ஷெல்மன் இதே வேலைக்கு அட்டைப் பட்டைகளைப் பயன்படுத்தினார். விலை மலிவு, அழகோ அபாரம்.

கூடுதல் மண் எதற்கு? சாலையின் எடைக்குப் பல ஆண்டுகளில் இறங்க வேண்டியதை, அதைவிட அதிக எடை வைத்து இப்போதே இறக்கிவிடத்தான்.

அப்படியானால் ஒரே மூச்சில் கொட்டிவிடலாமே என்றால், கூடாது. முதல் நாள் சுமை தண்ணீரிடம் இருப்பதால் களிக்கு வலு ஏறியிருக்காது. மிக மென்மையான களியில் சுமார் 3 மீட்டரைத் தாண்டினாலே கரை (கொட்டிய மண்மேடு) சரிந்து, பக்கத்து நிலம் உப்பிக்கொண்டு எழலாம். அதனால் கொஞ்சம் கொட்டு, காத்திரு, வலு ஏறட்டும், மறுபடி கொட்டு. பைசா கோபுரம் நிற்பதற்கும் காரணம் இதுதான். 1173-இல் தொடங்கிய வேலை சில தளங்களோடு நின்று, ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்தே தொடர்ந்தது. அதற்குள் கீழிருந்த களி கெட்டிப்பட்டது. இடைவிடாமல் கட்டியிருந்தால் அப்போதே விழுந்திருக்கும்.

கரை சரிந்தால் நம் ஊரில் உடனே “பூமி காவு கேட்குது” என்பார்கள். பூசணிக்காய் உடைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பூசணிக்காயால் களிமண்ணுக்கும் கெடுதல் இல்லை. ஆனால் காவு என்று சொன்ன மறுநிமிடம், மண்பரிசோதனைத் துளைகளைக் குறைத்துக் காசு மிச்சம் பிடித்தவர் தப்பித்துவிடுகிறார். திட்டச் செலவில் மண்பரிசோதனைக்குப் போவது சொற்பம்; அதிலும் கை வைப்பதுதான் பெரிய மூடநம்பிக்கை. எடுத்த துளைகளின் விவரத்தையாவது பொதுவில் வைத்தால் அடுத்த சாலைக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் உதவும்.

காத்திருக்காமல் தார் போட்டால் என்ன ஆகும் என்பது பாலத்தில் ஏறும்போது வண்டி தூக்கிப்போடும் இடத்தில் தெரியும். பாலம் ஆழமான பைல்களின்மேல் (தரைக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள்) நிற்கிறது, இறங்காது. அணுகுசாலை களியின்மேல் கிடக்கிறது, இறங்கிக்கொண்டே இருக்கும்.

எப்போது போதும் என்று தெரிந்துகொள்ள, கரைக்கு அடியில் தகடு வைத்து அதிலிருந்து இரும்புக் கம்பியை மேலே நீட்டி, சமமான கால இடைவெளியில் மட்டம் எடுப்பார்கள். ஜப்பானியப் பொறியாளர் அசாவோகா 1978-இல் ஒரு வழி சொன்னார்: ஒவ்வொரு அளவையும் அதற்கு முந்தைய அளவுக்கு எதிரே வரைபடத்தில் குறித்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும். அந்தக் கோடு 45 டிகிரிக் கோட்டை வெட்டும் இடம்தான் கடைசியில் எவ்வளவு இறங்கும் என்பதற்கான விடை. ஸ்கேலும் பென்சிலும் போதும்.

உங்கள் ஊர் வேலையிடத்தில் மணலுக்கு மேல் வால் வாலாக நீட்டிக்கொண்டிருக்கும் பட்டைகளையும் அந்தக் கம்பிகளையும் தேடுங்கள். இருந்தால், கம்பிகளில் எடுத்த அளவுப் பதிவேட்டைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். பட்டையும் இல்லை, கம்பியும் இல்லை, அளவும் இல்லை, மண் மட்டும் லாரியில் ஏறுகிறது என்றால், கேள்வியை அந்தப் பில்லில் கையெழுத்துப் போட்டவரிடம் கேளுங்கள்.