கம்பு சுத்துற பசங்க எப்படி இவ்ளோ சீக்கிரம் ஃப்ரெண்ட்ஸ் ஆயிடுறாங்க?

சாயங்காலம் ஏதாவது ஒரு சிலம்பம் கிளாஸ் பக்கம் போய் நின்னு பாருங்க, ஸ்கூல் கிரவுண்டோ மொட்டை மாடியோ கோயில் பக்கத்து காலி இடமோ எதுவா இருந்தாலும் சரி. பசங்க மொதல்ல தனித்தனியா காலடி போடுவாங்க, கம்பு சுத்துவாங்க, பாக்க அழகா இருக்கும், வீடியோ எடுக்குற அப்பா அம்மாவெல்லாம் அதத்தான் எடுப்பாங்க. ஆனா ஃப்ரெண்ட்ஷிப் உருவாகுறது அங்க இல்ல. மாஸ்டர் "ஜோடி நில்லுங்க"ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் விஷயமே ஆரம்பிக்குது.

ஒருத்தன் தலைக்கு வீசணும், எதிர்ல நிக்கிறவன் தடுக்கணும், அடுத்து அவன் காலுக்கு வீசுவான், இவன் தடுக்கணும். டக் டக்னு ஒரு தாளம் செட் ஆகும். அந்த தாளத்துல யாராவது கொஞ்சம் முந்திட்டா போதும், கம்பு நேரா விரல் முட்டியில வந்து விழும், பட்டவங்களுக்குத்தான் தெரியும் அந்த வலி. பட்ட பையன் கைய உதறுவான், அடிச்சவன் அவனைவிட பயந்துபோய் "டேய் சாரிடா, காட்டு காட்டு"ன்னு ஓடி வருவான், மாஸ்டர் தூரத்துல இருந்தே "ஒண்ணும் ஆகல, கால மாத்து, திரும்பப் போடு"ன்னு சத்தம் போடுவாரு. அடுத்த சுத்துல ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா ஆரம்பிப்பாங்க. எனக்கு முக்கியமாப் படுறது அந்த "கொஞ்சம் மெதுவா"தான், ஏன்னு சொல்றேன்.

பொதுவா என்ன சொல்லுவோம், தினம் பாத்துக்கிட்டா பழகிடுவாங்கன்னு. அதுல உண்மை இருக்கு. லியோன் ஃபெஸ்டிங்கர்ங்கிற உளவியல் ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் அமெரிக்காவுல எம்ஐடிங்கிற பல்கலைக்கழகத்தோட குடியிருப்புல ஆராய்ஞ்சு 1950ல வெளியிட்டாங்க, யாருக்கு யார் ஃப்ரெண்டுன்னு கேட்டா பெரும்பாலும் பக்கத்து கதவுல இருக்குறவங்க பேருதான் வந்துச்சு. ஜெஃப்ரி ஹால்னு கான்சாஸ் பல்கலைக்கழக பேராசிரியர் ஒருத்தர் 2018ல மணிக்கணக்கே போட்டாரு, சாதாரண பழக்கம் ஆக சுமார் 50 மணி நேரம், ஃப்ரெண்டுன்னு சொல்ல 90, நெருங்கின ஃப்ரெண்டாக 200க்கு மேல. வாரத்துக்கு மூணு நாள் ஒரு மணி நேர கிளாஸ்னா 50 மணி நேரம் சேர நாலு மாசம் ஆகும். அவர் பாத்தது பெரியவங்களைத்தான், அதுமட்டுமில்லாம வேலையிலயும் வகுப்புலயும் கட்டாயத்துக்கு ஒண்ணா இருக்குற நேரம் அவ்வளவா உதவலன்னும் அவரே சொல்றாரு. ஒரே பெஞ்சுல வருஷக்கணக்கா உக்காந்தும் சரியா பேசிக்காத ஆளுங்க நம்ம எல்லாருக்கும் இருக்காங்களே. அப்போ நேரம் மட்டும் போதாது.

ரெண்டாவது விஷயம் ஒரே நேரத்துல ஒரே மாதிரி அசையுறது. ஆக்ஸ்ஃபோர்டுல படகு வலிக்கிற பசங்கள ஜிம் மெஷின்ல 45 நிமிஷம் ஒரு நாள் தனியாவும் இன்னொரு நாள் டீமாவும் வலிக்க விட்டாங்க, 2010ல வந்த ஆராய்ச்சி இது. போட்ட உழைப்பு ஏறக்குறைய ஒண்ணுதான், ஆனா பிபி பாக்குற பட்டைய கையில இறுக்கி எவ்ளோ வலி தாங்குறாங்கன்னு பாத்தப்ப, சேர்ந்து வலிச்ச அன்னைக்கு தாங்குற சக்தி ரொம்பவே கூடுதலா இருந்துச்சு. வலியக் குறைச்சு ஒரு இதமான உணர்வக் குடுக்குற எண்டார்ஃபின் கூடுதலா சுரக்குதுன்னு இதுக்கு அர்த்தம் சொல்றாங்க (எண்டார்ஃபின நேரா அளக்கல, வலி வழியா ஊகிச்சதுதான்). பசங்ககிட்டயும் பாத்திருக்காங்க, 2016ல பஹார் துஞ்ச்கென்ச்சும் எம்மா கோஹனும் 7 முதல் 11 வயசு பிள்ளைங்கள ரெண்டு குரூப்பா பிரிச்சு விட்டு, அப்புறம் சேர்ந்தாப்ல ஒரே அசைவு செய்ய வெச்சாங்க, அந்தப் பக்கத்து குரூப் பிள்ளைங்க மேலயும் ஒட்டுதல் வந்துச்சு. வரிசையா நின்னு "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு எண்ணிக்கிட்டே காலடி போடும்போது நடக்குறதும் இந்த மாதிரி ஒண்ணாத்தான் இருக்கணும்.

ஆனா இது டான்ஸ் கிளாஸ்லயும் கிடைக்கும், மார்ச் பாஸ்ட்லயும் கிடைக்கும். சண்டைக் கலையில மட்டும் கூடுதலா இருக்குறது என்னன்னா, எதிர்ல நிக்கிறவன் நினைச்சா உங்கள நிஜமாவே காயப்படுத்த முடியும், ஆனா செய்ய மாட்டான். மொதல்ல சொன்ன அந்த "கொஞ்சம் மெதுவா" இதுதான்.

மூளை விஞ்ஞானி ஜாக் பான்க்செப் எலிக்குட்டிங்க விளையாட்டுச் சண்டைய வருஷக்கணக்கா பாத்தவரு. ரெண்டு குட்டிய விட்டா உருவத்துல பெருசா இருக்குறதுதான் பெரும்பாலும் ஜெயிக்கும், ஆனா சின்னதுக்கும் அப்பப்ப, சுமார் 30 சதவீதம், ஜெயிக்க இடம் குடுக்கலன்னா சின்னது விளையாட வர்றதையே விட்டுடும்னு அவர் சொன்னாரு. அந்த 30ங்கிற கணக்க எல்லாரும் அப்படியே ஏத்துக்கல, ஆனா விளையாட்டுச் சண்டையில முறை மாறி மாறி வரும்ங்கிறத மிருகங்ககிட்டயும் பிள்ளைங்ககிட்டயும் நிறைய பேர் பாத்திருக்காங்க.

மனுஷக் குட்டிங்க பக்கம் வந்தா ஆண்டனி பெலக்ரினியோட வேலை முக்கியம். ஸ்கூல் கிரவுண்டுல பசங்க உருண்டு புரள்றத உக்காந்து கவனிச்சவரு. மத்தவங்களுக்குப் பிடிச்ச பசங்க மல்லுக்கட்டினா அது சீக்கிரமே ஏதாவது ஒரு விளையாட்டா மாறுது, யாரும் சேத்துக்காத பசங்க மல்லுக்கட்டினா அது பல நேரம் நிஜ சண்டையில போய் முடியுது. எதிராளி சிரிக்கிறானா முறைக்கிறானான்னு சில பிள்ளைங்களுக்கு சட்டுனு பிடிபடாது, அதுதான் ஒரு காரணம். மார்ஷியல் ஆர்ட்ஸ் கிளாஸ் இந்த இடத்துலதான் உதவுது. முகத்தப் பாத்து கண்டுபிடிக்க வேண்டியத விதியாவே போட்டு வெச்சிருக்காங்க, ஆரம்பிக்கும்போது வணக்கம் வெக்கணும், எங்க வீசணும்னு முன்னாடியே தெரியும், மாஸ்டர் நிறுத்துன்னா நிறுத்தணும். பேச வராத, கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்கு இது பெரிய வரம்னு சொல்வேன், "என்கூட விளையாட வர்றியா"ன்னு கேக்க வேண்டிய வேலையே இல்ல, மாஸ்டரே ஒருத்தர கொண்டு வந்து எதிர்ல நிறுத்திடுறாரு, பத்து நிமிஷத்துல வேற ஆள மாத்திடுறாரு, கான்வென்ட் பையனும் கவர்மென்ட் ஸ்கூல் பொண்ணும் கம்போட கம்பு மோதிக்கிட்டு நிப்பாங்க.

ஜூடோவுல இது இன்னும் பச்சையாத் தெரியும். ஜிகோரோ கானோ 1882ல டோக்கியோவுல தொடங்கின கலை அது, அதுல மொதல்ல விழக் கத்துக்குறாங்க, அப்புறம்தான் தூக்கிப் போடுறது. போடுறவன் விழறவனோட சட்டைக் கைய கடைசி வரைக்கும் விடாம பிடிச்சிருக்கணும், அப்பதான் அவன் தலை அடிபடாம இறங்குவான். அடுத்த நிமிஷம் இவன் விழற முறை.

ஒட்டுதலோட சேத்துப் பேசுற ஆக்ஸிடோசின்ங்கிற ஹார்மோன் பத்தி சொல்லலன்னா கோவிச்சுக்குவீங்க. 2019ல இஸ்ரேல்ல ஜுஜுட்சுங்கிற ஜப்பானிய சண்டைக் கலை பயிற்சிக்கு முன்னாடியும் பின்னாடியும் எச்சில் எடுத்து டெஸ்ட் பண்ணாங்க, தீவிர பயிற்சி நேரத்துல அளவு ஏறிச்சு, குத்து உதையவிட கட்டிப் புரள்றதுல இன்னும் ஏறிச்சு. ஆனா எச்சில்ல அளக்குறது மூளையில நடக்குறத எவ்ளோ சரியா காட்டுதுன்னு இன்னும் சண்டை ஓடிட்டு இருக்கு, அதனால "லவ் ஹார்மோன்"னு தம்ப்நெயில் போடுறவங்கள கொஞ்சம் தள்ளி வெச்சே பாருங்க.

எல்லா கிளாஸும் இப்படி இல்லங்கிறதையும் சொல்லணும். நார்வேல எண்ட்ரெசன், ஓல்வியஸ் ரெண்டு பேரும் 11 முதல் 13 வயசு பசங்கள தொடர்ந்து பாத்து 2005ல எழுதினாங்க, பாக்ஸிங், மல்யுத்தம், வெயிட் லிஃப்டிங், கிழக்காசிய சண்டைக் கலைகள்னு போன பசங்ககிட்ட முரட்டுத்தனம் கூடித்தான் இருந்துச்சு. அதுக்கு முன்னாடியே, 1986ல, மைக்கேல் ட்ரல்சன் அமெரிக்காவுல சேட்டை மிஞ்சின டீன் ஏஜ் பசங்கள டேக்வாண்டோவுக்கு அனுப்பி ஆறு மாசம் பாத்தாரு, மொத்தமே 34 பேர்தான், சின்ன ஆராய்ச்சி. தியானம், மரியாதை, அடக்கம்லாம் சேத்து சொல்லிக் குடுத்த குரூப்ல முரட்டுத்தனம் குறைஞ்சுச்சு, வெறும் சண்டை டெக்னிக் மட்டும் கத்துக்கிட்ட குரூப்ல ஏறிடுச்சு. ரெண்டு பக்கமும் அதே டேக்வாண்டோதான்.

அதனால பிள்ளைய சேக்கப் போறவங்க டெமோ கிளாஸ்ல எத்தனை மாசத்துல பிளாக் பெல்ட்டுன்னு கேக்குறதுக்கு பதிலா, ஜோடி எத்தனை தடவ மாத்துவீங்க, பெரிய பையன சின்னவன்கூட நிறுத்தினா என்ன சொல்லி நிறுத்துவீங்கன்னு கேளுங்க. மாஸ்டர் ஒரு மாதிரி முழிப்பாரு, பரவால்ல கேளுங்க.