இனிக்காத ஒயினும் இனிப்பு நீர் மாத்திரையும்

தீபாவளி, கிறிஸ்துமஸ் நெருங்கினால் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் ஒரு கேள்வி தவறாமல் வரும். ஐம்பதைத் தாண்டிய, நீரிழிவு உள்ள அக்காமார்தான் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "தம்பி, எனக்கு இனிப்பு நீர் இருக்கு. விருந்துல ஒயின் ஊத்துவாங்க. அது லேசுதானே? இனிக்காததா ஒரு கிளாஸ் எடுத்துக்கலாமா?"

லேசு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். லேபிளில் 13 சதவீதம் என்றிருந்தால், 150 மில்லி கிளாஸில் ஏறத்தாழ 15 கிராம் ஆல்கஹால் இருக்கும். 5 சதவீத பீர் 320 மில்லி டின்னில் இருப்பது பன்னிரண்டரை கிராம். போர்ட் வகை ஒயின் இன்னும் கடுமை. திராட்சைச் சாராயம் சேர்ப்பதால் 20 சதவீதம் வரை போகும்.

இனிக்காத ஒயினில் சீனி குறைவு என்பது உண்மைதான். திராட்சைச் சாற்றின் சீனியை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றிவிடுகிறது. மிஞ்சுவது பெரும்பாலும் லிட்டருக்கு 4 கிராமுக்குள். சிவப்பு ஒயினின் துவர்ப்பு, தோலிலும் விதையிலும் இருக்கும் டானினால் வருவது. ஆனால் மாத்திரை சாப்பிடுபவருக்கு ஆபத்து சீனியில் இல்லை, ஆல்கஹாலில் இருக்கிறது.

நாம் சாப்பிடாத நேரத்தில் இரத்தத்துக்குச் சீனி கொடுப்பது கல்லீரல். ஆல்கஹால் உள்ளே போனதும், புதிதாகச் சீனி உண்டாக்கும் அந்த வேலை தடைப்படுகிறது. கிளிக்லசைட் மாத்திரையோ இன்சுலினோ மறுபக்கம் சீனியை இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால் விருந்து முடிந்து வெகுநேரம் கழித்து, விடிகாலையில்கூடச் சீனி சரிந்துவிடலாம். வியர்வை, நடுக்கம், நாக்குழறல், தள்ளாட்டம். பார்ப்பவர்களுக்கு அது போதையாகவே தெரியும். "தூங்கினா சரியாயிடும்" என்று போர்வையைப் போர்த்திவிட்டுப் போவார்கள். நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்.

தூங்க விடாதீர்கள். விரலில் குத்திப் பாருங்கள். சீனி 4 mmol/L-க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையிலும் இருந்தால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி இப்படிச் சரிவது அரிது. ஆனால் அளவு மீறிக் குடித்தால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் அபாயம் உண்டு. பல், ஈறு வலிக்கு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை வாங்கியவர்கள் அது முடியும்வரையும், முடிந்து இரண்டு நாளும் ஒயினைத் தொட வேண்டாம்.

இதயத்துக்கு நல்லது என்று சொல்லி யாராவது கிளாஸை நீட்டினால் நம்பாதீர்கள். ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. இதுவரை குடிக்காதவர் புதிதாகத் தொடங்க நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

அப்படியும் குடிப்பதென்றால், முதலில் உங்கள் மாத்திரை அட்டையை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டிக் கேளுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம். சோறோ தோசையோ சாப்பிட்ட பிறகு, ஒரு சின்ன கிளாஸோடு நிறுத்துங்கள். படுக்குமுன் சீனி பாருங்கள். மாத்திரை விவரம் தெரிந்த ஒருவர் அன்றிரவு வீட்டில் இருக்கட்டும்.