எண் அசையவில்லை, வேகம் ஏறுகிறது

ஏறிக்கொண்டிருக்கும் விமானத்தில் தானியங்கி (ஆட்டோபைலட்) பிடிக்க வேண்டிய வேகத்தைக் காட்டும் வேகக் கட்டத்தில் 280 நாட் (மணிக்கு 280 கடல் மைல்) என்றிருந்தது, சுமார் 32,500 அடியில் யாரும் தொடாமலே 0.78 மாக் (ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு) என்று மாறுகிறது. பிறகு வேகமானி 278, 275 என்று இறங்கத் தொடங்கும். புதிய விமானிகள் பலர் இங்கே பதறுவதைப் பார்த்திருக்கிறேன். பதறத் தேவையில்லை.

வேகமானி காட்டுவது விமானத்தின்மீது மோதும் காற்றின் அழுத்தத்தை. உயரே போகப் போகக் காற்று மெலிவதால், அதே 280 நாட்டைக் காட்ட விமானம் இன்னும் விரைந்தாக வேண்டும். குளிரில் ஒலியின் வேகமோ குறைகிறது. 10,000 அடியில் 0.51 மாக்காக இருந்தது 20,000 அடியில் 0.61 ஆகிவிடும். 280ஐ விடாமல் பிடித்திருந்தால் 35,000 அடியை நெருங்கும்போது 0.82ஐ முட்டும். ஏ320, போயிங் 737 இரண்டுக்கும் அதுதான் உச்சவரம்பு. அதனால்தான் 280 நாட், 0.78 மாக் இரண்டும் ஒரே வேகமாகும் உயரத்தில் தானியங்கி தன் பிடியை நாட்டிலிருந்து மாக்குக்கு மாற்றுகிறது. அந்த உயரம் வெயில், குளிரைப் பொறுத்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, காற்றழுத்தத்தை மட்டுமே பொறுத்தது.

எனக்குக் கவலை தருவது இறக்கம்தான். அங்கே எல்லாம் தலைகீழ்: மாக் எண்ணைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் நாட் ஏறும். சிமுலேட்டரில் ஒருநாள் 28,000 அடியில் 300 நாட்டில் இறங்கிக்கொண்டிருந்தோம். கட்டுப்பாட்டாளராக நான் மாக் எவ்வளவு என்று கேட்டேன். பயிற்சி விமானி, கட்டத்தை நாட்டிலிருந்து மாக்குக்கு மாற்றும் பொத்தானை அழுத்தி, கட்டத்தில் வந்த 0.76ஐப் படித்துச் சொன்னார். மீண்டும் அழுத்த மறந்துவிட்டார். அந்த நொடியில் எதுவும் குலுங்காது, ஒலிக்காது, அதுதான் ஆபத்து. எஞ்சின்கள் குறைந்தபட்ச விசையில் இருக்க, தானியங்கி 0.76ஐக் காப்பாற்ற மூக்கைத் தாழ்த்திக்கொண்டே போனது. 24,000 அடியில் 326 நாட். 22,000 அடியில் 339. போயிங் 737இன் வரம்பு 340.

"சார், நான் வேகத்தை மாற்றவே இல்லையே!" என்றார். உண்மைதான். கட்டத்தில் 0.76 அப்படியே நின்றது.

திரையில் வேகப்பட்டைக்குக் கீழேயே மாக் எண் எப்போதும் தெரிந்துகொண்டிருந்தது என்பதைக் காட்டினேன். அடுத்த வகுப்பில் அதே கேள்வியைக் கேட்டபோது, அவர் கை பொத்தான் பக்கம் போகவில்லை. கண் மட்டும் கீழே இறங்கியது.