தாயம் விழ ஏன் இவ்வளவு நேரம்?

மே மாதம் அரசலாறு வெறும் மணலாகக் கிடக்கும். மேட்டூரில் தண்ணீர் திறக்க ஜூன் 12 ஆக வேண்டும். அதுவரை வயலில் பெரிய வேலை கிடையாது. மதியம் முழுக்கத் தாயக்கட்டை ஆட்டம்தான். 1980களில் லூடோ, டிரேட் அட்டைகளும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன. ஆனாலும் அப்பாயி திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டுவிட்டால் அட்டைகள் பரணுக்குப் போய்விடும்.

ஒருநாள் 20 உருட்டு உருட்டியும் எனக்குத் தாயம் விழவில்லை. தாயம் விழாமல் காயைக் கட்டத்தில் இறக்க முடியாதே, அழுகையே வந்துவிட்டது. "கட்ட தேஞ்சு போச்சுடா, அதான்" என்றார் சித்தப்பா. அது உண்மையா என்று ரொம்ப வருஷம் கழித்துத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

தாயக்கட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரல் நீளப் பித்தளைக் கட்டை, அதில் இரண்டு. நீளமாக இருப்பதால் முனையில் நிற்காது. நான்கு பக்கங்களில் ஏதோ ஒன்றுதான் மேலே வரும். ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி, இன்னொன்றில் இரண்டு, மற்றொன்றில் மூன்று. நான்காவது பக்கம் மொழுமொழுவென்று வெறுமையாக இருக்கும். இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே உரசி உருட்டினால் மொத்தம் 4 × 4 = 16 விதமாக விழலாம்.

தாயம் என்பது ஒன்று. ஒரு கட்டையில் ஒரு புள்ளி, மற்றதில் வெறுமை. இது இரண்டு விதத்தில்தான் அமையும். ஆக 16க்கு 2, அதாவது எட்டில் ஒரு பங்கு. லூடோவில் ஆறு விழ வாய்ப்பு ஆறில் ஒரு பங்கு. தாயம் அதைவிட அரிது. 20 உருட்டிலும் தாயமே விழாமல் போக 100க்கு 7 வாய்ப்பு இருக்கிறது. அப்புறம் இதையும் பாருங்கள்: நாலு பேர் ஆடினால், ஆளுக்கு 10 உருட்டு முடிந்த பிறகும் ஒருவராவது காய் இறக்காமல் உட்கார்ந்திருக்க 100க்கு 70 வாய்ப்பு. எந்த வீட்டு ஆட்டத்திலும் ஒரு பிள்ளை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது இதனால்தான். அந்தப் பிள்ளைக்கு ராசி இல்லை என்பதெல்லாம் கிடையாது. முந்தின உருட்டில் என்ன விழுந்தது என்று கட்டைக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அதே எட்டில் ஒன்றுதான்.

என்னை அசர வைத்தது வேறு விஷயம். இரண்டு, மூன்று, நான்கு ஆகியவை முறையே 3, 4, 3 விதமாக விழும்; 16ல் 10 இந்த நடு எண்களுக்கே போய்விடும். ஓரத்தில் இருப்பவை தாயமும் ஐந்தும் (தலா 2 விதம்), ஆறும், இரண்டு கட்டையும் வெறுமையாக விழும் பன்னிரண்டும் (தலா ஒரே விதம்). எங்கள் வீட்டு விதிப்படி மறு உருட்டு எதற்கெல்லாம் உண்டு? தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு. சரியாக அந்த ஓரத்து எண்களுக்குத்தான்! இந்த விதியை வகுத்தவர்கள் எழுதிக் கணக்குப் போட்டார்களோ, ஆடி ஆடியே கண்டார்களோ, எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

மறு உருட்டு கிடைக்க வாய்ப்பு 16க்கு 6. அதனால் ஒரு முறைக்குச் சராசரியாக 1.6 உருட்டு கிடைக்கும். ஓர் உருட்டின் சராசரி 3.75 கட்டம். பெருக்கினால் முறைக்குச் சரியாக 6 கட்டம். லூடோவில் ஆறுக்கு மறு உருட்டு கொடுத்தாலும் சராசரி 4.2தான். தாயத்தில் காய் இறங்குவதற்குத்தான் தாமதம். இறங்கிவிட்டால் வெட்டும், மலையும் (காய் வெட்டுப்படாத கட்டம்), பழமுமாக (காய் சுற்றி முடிப்பது) ஆட்டம் பறக்கும்.

புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாக உரைத்து ஆடினால் இந்தக் கணக்கு செல்லாது. உரைத்த பக்கமும் உரைக்காத பக்கமும் ஒரே மாதிரி விழும் என்று சொல்ல முடியாது.

சரி, சித்தப்பா சொன்ன தேய்மானம்? அதைச் சோதிக்கலாம். கட்டையை 160 தடவை உருட்டி, விழுவதை ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். தாயம் 20 வாக்கில் வர வேண்டும். 16க்கும் 24க்கும் நடுவில் இருந்தால் சந்தேகப்பட ஒன்றுமில்லை. 8 தான் வந்தது என்றால் கட்டையின் விளிம்புகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு பக்கம் வழுவழுவென்று மழுங்கியிருக்கக்கூடும்.