சிவதெரியம்: தமிழில் சிவமா

ஒட்டகச்சிவிங்கிக்கு அழிந்துபோன உறவு விலங்கு ஒன்று உண்டு, பெயர் சிவதெரியம். தருமபுரி, அரூர் பக்கத்துப் பிள்ளைகள் இந்தப் பெயரைக் கேட்டதும் தீர்த்தமலைச் சிவனைத்தான் நினைப்பார்கள். அது சரிதான், பெயரில் இருப்பது அந்தச் சிவனே.

இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் கிடைத்த புதைபடிவங்களை ஆராய்ந்து, 1836-இல் ஃபால்கனர், காட்லி என்ற இருவரும் இந்தப் பெயரை வைத்தார்கள். 'சிவ' என்பது சிவன், 'தெரியம்' என்பது விலங்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒட்டகச்சிவிங்கியின் பெயரிலும் 'சிவ' போல ஒலிக்கும் 'சிவி' வருகிறது. ஆனால் அது வேறு. சிவிங்கி என்பது புள்ளிகள் கொண்ட வேட்டை விலங்கு. அதற்கும் சிவனுக்கும் தொடர்பில்லை.

உறவு என்றதும் நீண்ட கழுத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். சிவதெரியத்தின் கழுத்து குட்டை, உடல் கனத்தது. எடை ஒரு டன்னுக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். தலையில் இரண்டு ஜோடிக் கொம்புகள்: கண்ணுக்கு மேலே சிறிய கூம்புகள், பின்னால் விரித்த உள்ளங்கை போல அகன்ற பெரிய கொம்புகள். முதலில் ஆய்வாளர்களே இதை எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று தடுமாறினார்கள். ஆப்பிரிக்காவிலும் இதன் இனம் வாழ்ந்திருக்கிறது.

அப்படியானால் நம் பக்கத்துப் பாறையில் தேடலாமா? கிடைக்காது. சிவாலிக் குன்றுகள் ஆறுகள் கொண்டுவந்து குவித்த வண்டல். எலும்பு அதில் புதைந்து கல்லாகும். தருமபுரி, கிருஷ்ணகிரியின் பாறைகள் பெரும்பாலும் பூமியின் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை, விலங்குகளே தோன்றாத காலத்தவை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சிவவிலங்கு' பொருளில் சரி. ஆனால் இரண்டு வகரம் அடுத்தடுத்து வந்து நாக்கில் தட்டுகிறது. எனக்குப் பிடித்தது 'சிவமா'. கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மா என்றால் மாம்பழம்தான் முதலில் வரும். ஆனால் விலங்கு என்ற பொருளும் பழையது; 'மாவும் மாக்களும் ஐயறி வினவே' என்கிறது தொல்காப்பியம். சிங்கத்தை அரிமா என்கிறோமே, அந்த மாதான் இது. இதன் நெருங்கிய உறவான பிரமதெரியமும் 'பிரமமா' ஆகிவிடும்.

பாடம் எழுதுகிறவர்கள் முதல்முறை 'சிவமா என்னும் சிவதெரியம்' என்று எழுதிவிட்டு, அப்புறம் சிவமா என்றே தொடரலாம்.