தன் இலக்கம் தெரியாத விளக்குகள்

களுவாஞ்சிக்குடியில் உயர்தரத்துக்குப் பொறியியல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "ரீவிக்குப் பின்னால் ஒட்டுகிற எல்ஈடி நாடாவுக்கு மூன்றே மூன்று வயர்தான் போகிறது. அதில் இரண்டு கரண்டுக்கு. மிச்சமிருக்கிற ஒற்றை வயரால் எழுபதாவது விளக்குக்கு மட்டும் 'நீ சிவப்பு' என்று எப்படிச் சொல்வது? கணினிக்கும் நாடாவுக்கும் நடுவில் வயரே இல்லாமலும் செய்யலாமாம், அது எப்படி?"

இரண்டாவது கேள்வி லேசானது. அதை முதலில் முடித்துவிடுவோம்.

திரையில் ஓடுகிற நிறத்தைப் பின்சுவரிலும் பரவவிடும் இந்த வித்தையை பிலிப்ஸ் நிறுவனம் அம்பிலைட் என்ற பெயரில் 2004இல் ரீவியோடு சேர்த்தே விற்கத் தொடங்கியது. வீட்டில் செய்பவர்கள் ஹைப்பீரியன் போன்ற இலவச மென்பொருளைக் கணினியில் போடுகிறார்கள். அது திரையின் ஓரங்களைக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரி நிறம் பார்க்கும். கிரிக்கெட் போட்டால் கீழ் ஓரம் முழுக்கப் பச்சை. அந்த எண்கள் வைஃபை வழியாக ஈஎஸ்பி 8266 என்ற, பெருவிரல் நகமளவு மைக்ரோகன்ட்ரோலருக்கு, அதாவது ஒரு குட்டிக் கணினிச் சிப்புக்குப் போகின்றன.

போகிற முறை யூடிபி. போய்ச் சேர்ந்ததா என்று அது விசாரிக்காது. தொலைந்ததைத் திருப்பி அனுப்பாது. இந்த வேலைக்கு அந்த அலட்சியம்தான் பொருத்தம். செக்கனுக்கு 30 தடவை நிறம் மாறும்போது, தொலைந்த பழைய நிறம் பிந்தி வந்து என்ன செய்யப்போகிறது? ஈஎஸ்பியில் பலரும் ஏற்றும் டபிள்யூலெட் மென்பொருளின் ஒரு முறையில், ஒரு பொதிக்கு, அதாவது ஒரே தடவையில் போகும் தரவுக் கட்டுக்கு, அதிகபட்சம் 490 விளக்குகள் என்று இருக்கும். ஏன் 500 இல்லை? விளக்குக்கு 3 பைட், முன்னால் 2 பைட் தலைப்பு, கூட்டினால் 1,472. வழக்கமான வலையமைப்புப் பொதி 1,500 பைட் கொள்ளும். அதில் ஐபி, யூடிபி தலைப்புகளுக்கு 28 போனால் மிஞ்சுவதும் அதே 1,472.

இரவில் ரவுட்டரை நிறுத்தாவிட்டால் கதிர் தாக்கும் என்று பயப்படும் வீடுகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. கைபேசி மட்டும் தலையணைக்கு அடியிலேயே கிடக்கும். வைஃபை அலைக்கு அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்கும் வலு கிடையாது என்பது உயர்தர பௌதிகவியல். படித்தவர்களே பயப்படுவதுதான் எனக்கு எரிச்சல்.

இனி அந்த ஒற்றை வயர். இதற்குத்தான் நான் இவ்வளவு அவசரப்பட்டேன்.

நாடாவில் இருப்பவை பெரும்பாலும் டபிள்யூஎஸ் 2812பி வகை. ஒவ்வொரு வெள்ளைச் சதுரத்துக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எல்ஈடி; அவற்றோடு கண்ணுக்கு எட்டாத ஒரு குட்டிச் சிப். அந்தச் சிப்புக்குத் தன் இலக்கம் தெரியாது. எழுபதாவது என்று யாரும் அதில் எழுதிவைக்கவில்லை. நாடாவை நடுவில் வெட்டி ஒட்டினாலும் அது கவலைப்படாது.

வெள்ளக் காலத்தில் பாடசாலை முகாமில் சோற்றுப் பார்சல் கைமாறிப் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் இருப்பவர் முதலில் வந்த பார்சலைத் தன் மடியில் வைத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகு வருவதையெல்லாம் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுகிறார். விளக்கும் அப்படியே. முதலில் வந்த 24 பிட்டை, அதாவது பச்சைக்கு 8, சிவப்புக்கு 8, நீலத்துக்கு 8 என்று, தான் எடுத்துக்கொள்ளும். மீதியை அடுத்ததற்கு விடும். எழுபதாவது விளக்கு எழுபதாவது பங்கைப் பெறுவது, முன்னால் உள்ள 69ம் தம் பங்கை எடுத்துக்கொண்டதால் மட்டுமே. ஒவ்வொரு விளக்கும் வந்த மின் துடிப்பை வந்தபடியே விடாமல் புதிதாகச் செதுக்கி அனுப்பும். அதனால் நூறாவது விளக்கை எட்டும்போதும் சைகை தேய்ந்திருக்காது.

எல்லோருக்கும் கிடைத்துவிட்டது என்று எப்படித் தெரியும்? வயர் சும்மா இருந்தால் போதும். பழைய தயாரிப்புகளில் 50 மைக்ரோசெக்கன், புதியவற்றில் 280. அவ்வளவு நேரம் துடிப்பு வராவிட்டால் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் புது நிறத்துக்கு மாறும்.

ஒவ்வொரு பிட்டுக்கும் 1.25 மைக்ரோசெக்கன். வயரின் மின்னழுத்தம் அதில் ஏறக்குறைய 0.4 மைக்ரோசெக்கன் உயர்ந்து நின்றால் பூச்சியம், 0.8 நின்றால் ஒன்று. ஒரு விளக்குக்கு 30 மைக்ரோசெக்கன், நூறு விளக்குக்கு 3 மில்லிசெக்கன். நேரம் தாராளம். ஆனால் ஈஎஸ்பிக்குத் தலையிடி இங்கேதான். 80 மெகாஹேர்ட்ஸில் ஓடும் அதற்கு ஒரு பிட் என்பது அதன் கடிகாரத்தின் நூறே நூறு துடிப்பு. இடையில் வைஃபை கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். போய் வருவதற்குள் 0.4 என்பது 0.8 ஆகி, சுவரில் சம்பந்தமில்லாத நிறம் வெட்டும்.

இதற்குக் கண்டுபிடித்த குறுக்குவழி அழகானது. ஈஎஸ்பியில் ஒலிக்கென்று ஐ2எஸ் என்ற தனி வாசல் இருக்கிறது. நினைவகத்தில் உள்ளதை, ஈஎஸ்பியின் மூளையான செயலியைக் கேட்காமலேயே சீரான வேகத்தில் வெளியே தள்ளும். அதை செக்கனுக்கு 32 இலட்சம் பிட் வேகத்தில் ஓடவிட்டு, பூச்சியத்தை 1000 என்றும் ஒன்றை 1110 என்றும் எழுதிவைத்தால், நான்கு நான்காக வெளியே வருபவை விளக்கு எதிர்பார்க்கும் துடிப்பாகவே இருக்கும். விளக்குக்கு "பாட்டு" போகிறது. மூளை வைஃபையைக் கவனிக்கிறது. ஈஎஸ்பி 8266இல் நாடாவின் வயரை ஆர்எக்ஸ் என்ற இணைப்புக் காலில் கொடுக்கச் சொல்வது அந்த வாசல் அங்கே திறப்பதால்தான்.

இதன் அண்ணன் ஈஎஸ்பி 32இல் இதே வாசலால் ஒலியை உள்ளேயும் எடுக்கலாம். நீருக்கடி மைக் ஒன்றோடு மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தடியில் இப்படிப் பத்துப் பெட்டிகளைக் கட்டிவிட்டால், அங்கே தண்ணீருக்குள் கேட்பதாகச் சொல்லும் பாடும் மீனைப் பற்றி நாம் பேசுகிற பேச்சுக்கு ஒரு வருடத் தரவாவது கிடைக்கும். பாலத்துக்கு வர்ண விளக்குப் போடக் காசு கேட்டால் கிடைக்கும். இதற்குக் கேட்டால் சிரிப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

தம்பிக்குக் கடைசியாக ஒன்று. நாடா 5 வோல்ற்றில் வேலை செய்யும். பல தயாரிப்புகள் "ஒன்று" என்று நம்ப அதில் 70 சதவீதம், 3.5 வோல்ற்று, கேட்கும். ஈஎஸ்பி கொடுப்பதோ 3.3. சில நாடா ஏற்றுக்கொள்ளும், சில மினுங்கும். மினுங்கினால், நாடாவில் ஒரு விளக்கை வெட்டி முதலாவதாக வைத்து, அதற்கு மட்டும் மின்னை ஒரு சாதாரண சிலிக்கன் டயோட் வழியாகக் கொடுங்கள். 0.7 குறைந்து 4.3 வரும், அதன் 70 சதவீதம் ஏறக்குறைய 3 வோல்ற்றுதான், ஈஎஸ்பியின் குரல் அதற்குக் கேட்கும். அது திரும்பச் செதுக்கி அனுப்புவது 4.3 வோல்ற்றில், அடுத்த விளக்குக்குத் தாராளமாகப் போதும்.